வேலையும் வேட்கையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

'வேலையும் வேட்கையும்' என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். வேலை என்பது வயிற்றின் பொருட்டு நாம் செய்வது. வேட்கை என்பது நெஞ்சின் பொருட்டு நாம் விரும்புவது. இவ்விரண்டும் ஒருவர்க்கு ஒன்றாகவே அமைந்துவிட்டால் அவர் பேறு பெற்றவர். நம்மிற் பெரும்பாலோர்க்கோ அவை இரண்டாகவே இருக்கின்றன. காலையில் ரயிலிலும் பஸ்ஸிலும் திருவனந்தபுரத்திற்குப் புறப்படுகிறோம். விளக்கேற்றிய பின் பாறசாலைக்குத் திரும்புகிறோம். இடையில் உள்ள பொழுது அலுவலகத்திற்கும் கடைக்கும் உரியது. எஞ்சிய பொழுது உணவுக்கும் உறக்கத்திற்கும் உரியது. அப்படியானால் நெஞ்சுக்கு உரிய பொழுது எது?

இக்கேள்வியைக் கேட்டவுடன் பலர் கூறும் விடை ஒன்றுண்டு. "மேற்படிப்புப் படிக்க வேண்டுமென்று எண்ணியிருந்தேன், வேலை கிடைத்துவிட்டது, விட்டுவிட்டேன்" என்பார் ஒருவர். "வீணை கற்றேன், திருமணம் ஆயிற்று, நின்றுவிட்டது" என்பார் ஓர் அம்மையார். இவை சோம்பலின் சொற்கள் அல்ல. குடும்பத்தைத் தாங்கியவர்களின் சொற்கள். ஆதலால் அவர்களைக் குறைகூற நான் இங்கு வரவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர வழியுண்டா என்று உங்களோடு சேர்ந்து ஆராயவே வந்துள்ளேன்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கிய ஒருவர் இருந்தார். அவர்தாம் இசையரசி பாறசாலை பி. பொன்னம்மாள். 1924ஆம் ஆண்டில் இங்கே பிறந்தவர். திருவனந்தபுரத்தில் 1939ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் இசைக் கழகம் தோன்றியது. அதன் முதல் தலைமையாசானாக அமர்ந்தவர் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்று 1963 வரை நடத்தியவர் தஞ்சை மண்ணின் செம்மங்குடி சீனிவாச ஐயர். புலம்பெயர்ந்து வந்த தமிழ்ப் புலமை இம்மலையாள நாட்டிற்கு என்ன தந்தது என்பதற்கு இவ்விருவரே சான்றாவர். அக்கழகம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் அங்கே சேர்ந்த முதல் மாணவி நம் பொன்னம்மாள். கானபூஷணம் என்னும் பட்டத்தை முதல் தகுதியோடு பெற்றார்.

அதன்பின் அவர் செய்தது என்ன? வேலைக்குச் சென்றார். பதினெட்டாம் வயதில் திருவனந்தபுரம் காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் இசையாசிரியை ஆனார். பின்னர்த் தாம் பயின்ற இசைக் கழகத்திலேயே ஆசிரியப் பணியேற்ற முதல் பெண்மணி ஆனார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வராகவும் விளங்கினார். மேடையில் ஒளிரும் புகழை மட்டும் காண்பவர்கள், அப்புகழுக்கு அடியில் நெடுங்காலம் ஓடிய பள்ளி மணியோசையை மறந்துவிடுகின்றனர். அவர் மாதச் சம்பளம் பெற்று உழைத்த ஆசிரியை. நம்மைப்போல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்.

இனி நவராத்திரி மண்டபத்தின் செய்தியைக் கேளுங்கள். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் திருவுருவமும், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்களும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்வதை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, நம் பாறசாலை வழியாகச் சென்று, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கிச் செல்வது வழக்கம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு வட்டம் அப்பக்கமும் நெய்யாற்றின்கரை வட்டம் இப்பக்கமும் ஆயின. ஆயினும் கலைமகளின் பாதையை எக்கோடும் மறிக்கவில்லை. அவள் சென்றமரும் மண்டபத்தில் ஒன்பது நாளும் மாலையில் இசையரங்கு நிகழும். பெண் தெய்வத்தின் முன் நிகழும் அவ்வரங்கில் பெண்கள் அமர்ந்து பாடுதல் மரபன்று என்று நெடுங்காலமாக விலக்கி வைத்திருந்தனர். 2006ஆம் ஆண்டில் அம்மரபு தளர்ந்தது. அவ்வரங்கில் முதன்முதலாகப் பாடிய பெண்மணி பாறசாலை பொன்னம்மாளே. அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று! 2017இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2021 ஜூன் 22ஆம் நாள் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கழகத்தில் மாணவியாகச் சேர்ந்ததற்கும் அம்மண்டபத்தில் பாடியதற்கும் இடையே அறுபது ஆண்டுக்கு மேல் கழிந்தன. கதவு திறந்த நாளில், "இனி எனக்குக் குரல் இல்லை" என்று அவர் சொல்லியிருந்தால் யார் குறை கூறியிருப்பர்? ஆனால் குரல் இருந்தது. எண்பது கடந்தவர் முழு அரங்கிசை பாடவல்ல குரல் ஒரே நாளில் வருவதன்று. பணிக்காலத்திலும் பணி ஓய்விலும் காத்து வந்த குரல் அது. கதவைத் திறப்பது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். திறக்கும் நாளில் ஆயத்தமாக நிற்பது நம் கையில் உள்ளது.

எவ்வாறு ஆயத்தமாக இருப்பது? அதற்கும் நம் சுற்றுப்புறமே ஆசிரியன். விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டச் செல்லும் தொழிலாளியைப் பாருங்கள். வெயில் ஏறிய பின் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதை அறிந்தவன் அவன். ஆதலின் பால் மிகும் பொழுதை அவன் உறக்கத்திற்குக் கொடுப்பதில்லை. அவன் பட்டையை மெல்லிய சீவலாகவே எடுக்கிறான். பேராசையால் ஆழ வெட்டினால் மரம் புண்படும். பல தோட்டங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாளே வெட்டுவர். ஓய்வின்றி வெட்டினால் பட்டை வறண்டு பால் அறவே நின்றுவிடும். உரிய பொழுது, சிறிய அளவு, இடையில் ஓய்வு ஆகிய மூன்றையும் அறிந்தவன் அம்மரத்தால் பல ஆண்டு வாழ்கிறான். இரண்டு நாள் இரவெல்லாம் விழித்துப் படித்து, மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிடும் நம் இளைஞர் அவனிடம் பாடம் கேட்க வேண்டும்.

பனையேறியிடம் மற்றொரு பாடம் உண்டு. பாளையை அவன் நாள்தோறும் சீவுகிறான். சில நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து, இவ்வட்டாரத்தார் அக்கானி என்னும் பதநீர் சுரப்பது நின்றுவிடும். கற்ற கல்வியும் அத்தகையதே. ஒரு மாதம் தொடாத வீணையை மீண்டும் எடுக்கும்போது விரல் நோவதைக் காட்டிலும் மனம் நோகிறது. அந்நோவுக்கு அஞ்சியே பலர் மீண்டும் எடுப்பதில்லை. ஆகவே நிறைய நேரம் கிடைக்கும் நாளுக்குக் காத்திராமல், கிடைத்த சிறு நேரத்தை நாள்தோறும் கொடுப்பதே நலம். கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு அரைமணி நேரம், ஆண்டில் 300 நாள் என்று கொண்டால் 150 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேர அலுவல் நாளாகக் கொண்டால் ஏறக்குறையப் பத்தொன்பது நாள்! எந்த அலுவலகம் நமக்கு இவ்வளவு விடுப்பைக் கேட்டவுடன் தரும்? கையிலுள்ள கைப்பேசியிடமிருந்து நாமே மீட்டுக்கொள்ளக்கூடிய விடுப்பு இது.

பிற நாட்டாரும் இவ்வாறு செய்துள்ளனர். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப், அஞ்சல் துறையில் 1834 முதல் 1867 வரை பணியாற்றியவர். தெருவோரத் தபால் பெட்டியை 1852இல் சேனல் தீவுகளில் வைக்கக் காரணமாக இருந்தவரும் அவரே. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொல் என்று அளந்து எழுதி, அதன் பின்னரே அலுவலகம் செல்வார். நாற்பத்தேழு நாவல்கள் அவ்வாறு பிறந்தன. நம் இராமானுஜனையும் எண்ணிப் பாருங்கள். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டார். 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தம்மை ஓர் எழுத்தர் என்றே நாணமின்றி அறிமுகப்படுத்திக்கொண்டார். வேலை அவர் வேட்கைக்குப் பகையாகவில்லை. அடுப்பெரிய வைத்து அதனைக் காத்தது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். "முயன்றால் எல்லாம் முடியும் என்று மேடையில் பேசுவது எளிது, வீட்டில் பார்த்தால் அல்லவா தெரியும்?" என்று தாய்மார்கள் தம்முள் கூறிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. அவர்கள் கூற்று நேர்மையானது. முயற்சியை மட்டும் போற்றிவிட்டுக் கதவுகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது பாதி உண்மையே. பொன்னம்மாளின் குரலில் குறை இருந்ததால் மண்டபம் மூடியிருக்கவில்லை. மண்டபம் மூடியிருந்ததால் பல தலைமுறைப் பெண்குரல்கள் அங்கே கேட்கப்படாமலே போயின. இராமானுஜனுக்கும் அவர் அலுவலகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் துணை நின்றனர். டிராலப்புக்கும் விடியலில் எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு பணியாள் இருந்தார். காப்பி கொடுப்பவர் வேட்கைக்கு விடியற்காலையைக் கொடுப்பவர் யார்? நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

மண்டபத்துக் கதவைத் திறக்க மன்னர் குடும்பம் வேண்டும். வீட்டுக் கதவைத் திறக்க நாம் போதும். ஆதலால் ஆடவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அடுக்களையையும் பிள்ளைகளையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்கள் மனைவிக்கோ, தாய்க்கோ, தமக்கைக்கோ உரியதாகட்டும். அதில் அவர் தேர்வுக்குப் படிக்கலாம், பாடலாம், தைக்கலாம், வெறுமனே உட்கார்ந்து சிந்திக்கவும் செய்யலாம். அதை உதவி என்று எண்ணாதீர்கள். கடன் தீர்ப்பது என்று எண்ணுங்கள்.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. விழாவன்று மட்டும் திறக்கும் நம் அறையை மாலைதோறும் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கலாம். வீட்டில் தனியிடம் இல்லாத பிள்ளை அங்கே அமர்ந்து படிக்கட்டும். பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் முறைவைத்து உடனிருந்து, தாம் அறிந்த கணக்கையோ தமிழையோ சொல்லிக்கொடுக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு விளக்கும் ஒரு சாவியும் போதும்.

நமக்கு முன் இப்பகுதிக்கு வந்த தமிழரையும் நினைத்துக்கொள்வோம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர், பாலராமபுரத்தில் குழித்தறி இட்டனர். கையில் கொண்டுவந்தது ஒரு தொழில் மட்டுமே. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட்டு, இழையிழையாக ஊடு கோத்து நெய்த அவர்கள் துணியின் இருபுறமும் ஒன்றுபோலவே தோன்றும். 2009ஆம் ஆண்டில் அத்துணி புவிசார் குறியீடு பெற்றது. பாவு ஒரே முறையில் நீள விரிக்கப்படுவது; ஊடோ ஒவ்வோர் இழையாகக் கையால் செலுத்தப்படுவது. நம் வேலையைப் பாவு என்று கொண்டால், வேட்கை ஊடு ஆகும். பாவு மட்டும் இருந்தால் அது நூல். ஊடும் சேர்ந்தால்தான் ஆடை.

வள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தார். அவ்வரிசையே ஒரு வாழ்க்கைத் திட்டம். முதலில் உள்ளம் எழ வேண்டும். பின் சோம்பல் நீங்க வேண்டும். பின் முயற்சி தொடர வேண்டும். தொடருங்கால் வரும் துன்பத்திற்கு உடையாமல் நிற்க வேண்டும். அடுத்த ஆண்டு விழாவிற்கு இன்னும் பன்னிரண்டு மாதங்கள் உள்ளன. அன்று இம்மேடையில், விட்டதைத் தொடர்ந்த ஒருவரேனும் வந்து தம் பாட்டையோ படிப்பையோ நம் முன் வைப்பாராயின், இன்று நான் பேசியது பயன்பட்டதாகும். அந்த ஒருவர் நம் வீட்டுப் பெண்மணியாக இருப்பின் என் மகிழ்ச்சி இரட்டிப்பாகும்.