பாலைவனப் பயணத்தில் தண்ணீரைக் குறைக்காதீர்கள்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமீபியா போய் வந்ததிலிருந்து லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "சார், சிங்கம் பார்த்தீங்களா?" என்று கேட்கிறீர்கள். பார்த்தோம். சிங்கத்தைவிட எங்களைப் பயமுறுத்திய ஒன்றைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2022இல் குனோ காட்டுக்கு எட்டு சிவிங்கிப் புலிகள் வந்தனவே, அந்த நாடுதான் நமீபியா. தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பரப்பு. மக்களோ சுமார் 30 லட்சம் பேர்தான், சென்னையைவிடக் குறைவு. தலைநகர் விண்ட்ஹூக்கைத் தாண்டிப் பாலைவனத்துப் பக்கம் திரும்பினால் பெரும்பாலும் சரளைக்கல் சாலைகள்தான். பல இடங்களில் மொபைல் சிக்னல் கிடைக்காது.

நாங்கள் போனது அக்டோபரில், நல்ல வெயில். நான், மனைவி, மகன், மருமகள் நால்வரும் சோசஸ்ஃப்ளே மணல்மேடுகளைப் பார்க்கப் போகும் வழியில், மதியம் டயர் வெடித்தது. ஸ்டெப்னி இருந்தது. ஆனால் ஜாக்கி சரளையில் புதைந்துகொண்டே போனது. ஒரு மணி நேரம் போராடினோம். அதற்குள் என் மனைவிக்குத் தலைசுற்றல், வாந்தி, காலில் தசைப்பிடிப்பு.

"காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சே?" என்றேன்.

"ரெண்டு மடக்கு. வழியில பாத்ரூமுக்கு எங்க இறங்கறது?" என்றாள்.

காரில் இருபது லிட்டர் கேன் தண்ணீர் இருந்தது. அவள் குடிக்கவில்லை. அதோடு, ரத்த அழுத்தத்துக்கு அவள் போடும் மருந்தில் நீர் மாத்திரையும் உண்டு. காரின் நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துண்டு போட்டோம். மருமகள் ஓ.ஆர்.எஸ். கரைத்து வாய் வாயாகக் கொடுத்தாள். மெல்லத் தெளிந்தாள். பிறகு வந்த ஒரு வண்டிக்காரர் நிறுத்தி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை கொடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வெப்ப பக்கவாதமாக மாறியிருக்கலாம் என்றார் மறுநாள் பார்த்த டாக்டர்.

நீங்கள் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் இவற்றை மனதில் வையுங்கள்.

வெயில் நாளில் ஆளுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் கணக்கு வைத்து, அதற்கு மேலும் ஒரு கேன் ஏற்றுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து கலக்குங்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்களும் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலினைப் பூட்டிய காரில் விடாதீர்கள்.

யாராவது குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்ப பக்கவாதம். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உதவி தேடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சரளைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். வண்டி சறுக்கி உருண்டுவிடும். பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். இரண்டு ஸ்டெப்னி, ஒரு பலகை அவசியம். பங்கைப் பார்த்தால் டேங்கை நிரப்பிவிடுங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், மான்கள் குறுக்கே பாயும். எந்த வழியில், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று தங்கும் இடத்துக்குச் சொல்லுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். நடக்கிற ஆளைவிட, நிற்கிற கார்தான் தூரத்திலிருந்து கண்ணில் படும்.

பயணக் காப்பீட்டில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வடக்கே போனால் மலேரியா மாத்திரை பற்றிக் கேளுங்கள். வழியில் கென்யா, எத்தியோப்பியாவில் தங்குவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் செல்லுபடியாகப் பத்து நாள் ஆகும். 60 வயது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் மனைவியின் அனுமதியோடுதான் சொன்னேன். "நம்ம அபார்ட்மெண்ட்ல வேன் வச்சுக் கோயிலுக்குப் போறப்பவும் நாங்க லேடீஸ் எல்லாரும் இதைத்தானே பண்றோம், அதையும் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். அடுத்த முறை வேன் கிளம்பும்போது, எங்கெங்கே நிறுத்துவோம் என்பதை முதலிலேயே முடிவு செய்வோம். எல்லோரும் தைரியமாகத் தண்ணீர் குடிக்கலாம்.