கட்டிலோடு கட்டப்பட்ட கைகள்
(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சுகம் பெற்றவர்களின் சாட்சிகளைச் சொல்லுவேன். இன்று சற்றுச் சங்கடமான ஒரு காரியத்தைப் பேச வேண்டியிருக்கிறது. நோயாளியைக் கட்டிலோடு கட்டி வைப்பதைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் ஆவடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டார். மறுநாள் இரவு அவருக்குப் புத்தி தடுமாறிற்று. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லி, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு சிஸ்டர். விழுந்துவிடுவாரே என்ற பயத்தில், பேண்டேஜ் துணியால் அவருடைய இரு மணிக்கட்டுகளையும் கட்டினார். காலையில் நான் ஜெபிக்கப் போனபோது அவருடைய வலது கை வீங்கி, விரல்கள் நீலம் பாரித்திருந்தன. "ஐயா, நான் என்ன திருடினேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சிஸ்டரைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. அவர் இரவெல்லாம் உட்காரவே இல்லை.

கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவாசக் குழாயைப் பிடுங்கிக்கொள்ளும் நோயாளியைச் சிறிது நேரம் தடுத்து வைக்காவிட்டால் உயிரே போய்விடலாம். ஆனால் கட்டுவதற்கும் முறை உண்டு. டாக்டரின் எழுத்து உத்தரவு வேண்டும். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் கட்டக் கூடாது. இறக்கும்போது கை இழுபடும். குப்புறப் படுக்கவைத்துக் கட்டினால் மூச்சு அடைத்துவிடும். விரல்களின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி பார்த்து, இரண்டு மணிக்கு ஒருமுறையாவது அவிழ்த்து, கை கால்களை அசைக்கச் செய்து, தண்ணீர் கொடுத்து, சிறுநீர் கழிக்கவும் உதவ வேண்டும்.

அதற்கும் முன்னால், அவர் ஏன் திமிறுகிறார் என்று பார்க்க வேண்டும். வலியா, மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா, காய்ச்சலா, உப்புச் சத்துக் குறைவா? அந்தப் பெரியவருடைய மூக்குக் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. காது மிஷினும் அங்கேதான். இருட்டில், கண்ணும் காதும் இல்லாமல், தெரியாத இடத்தில் விழித்தால் யார்தான் மிரள மாட்டார்கள்?

மாற்கு 5ஆம் அதிகாரத்துக் கதரேனர் நாட்டு மனிதனை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியைத் தவிர வேறு வைத்தியம் அவ்வூராருக்குத் தெரியவில்லை. நமக்கும் வெகுகாலம் அப்படியே. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. வேறு மதத்தாரின் ஊரில் நடந்தது என்று நாம் தள்ளிவிட வேண்டாம். நம் சபைக் குடும்பங்களிலும் பின்னறைக் கதவு பூட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்குமேல் ஒரு நிமிடமும் போகாமல் கட்டுப்படுத்தலாம். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தண்டனையாகவோ, பணியாளர் குறைவு என்பதற்காகவோ கட்டக் கூடாது. இந்தக் கடைசி வார்த்தையைப் படித்தபோது அந்தச் சிஸ்டரின் முகம்தான் என் நினைவுக்கு வந்தது. சட்டம் மனநல நிலையங்களுக்கு எழுதப்பட்டது. எங்கள் எலும்பு வார்டுக்கு அது பொருந்தாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டோம். அன்றிரவு அவருடைய மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஷிப்டுக்கு இன்னும் நேரமிருக்கிறது மாமா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கட்டு தேவைப்படவில்லை.

மருமகள் இல்லாதவர்களும் வருகிறார்கள். அம்பத்தூர், பூந்தமல்லிச் சபைகளிலிருந்து, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒரு நாற்காலியில் உட்கார ஆட்கள் தேவை. என்ன செய்ய வேண்டும், எப்போது சிஸ்டரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லித் தருவோம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவர்கள் மட்டும் வேண்டாம். அந்தப் பலவீனம் எனக்கே உண்டு.