நம் வாக்கு ரகசியம், அவர் வாக்கு?



தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குள் போகிறோம். விரலில் மை வைக்கிறார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துகிறோம். பக்கத்தில் இருக்கிற இயந்திரத்தின் சின்னக் கண்ணாடிக்குள் ஏழு விநாடி ஒரு சீட்டு தெரிந்து, அறுந்து, பெட்டிக்குள் விழுகிறது. வெளியே வந்ததும் யாருக்குப் போட்டாய் என்று கட்டின கணவனே கேட்டாலும் மனைவி சொல்லத் தேவையில்லை. சட்டம் அவளுக்குக் கொடுத்திருக்கிற பாதுகாப்பு அது.

நாம் தேர்ந்தெடுத்து அனுப்புகிற உறுப்பினரும் வாக்களிக்கிறார். வரி மசோதா, விவசாய மசோதா, தொழிலாளர் மசோதா என்று ஒவ்வொன்றின் மீதும் அவர் வாக்கு விழுகிறது. அந்த வாக்கு ரகசியமாக இருக்கலாமா? கூடாது. என் வாக்கு மறைவாக இருப்பது எனக்குப் பாதுகாப்பு. அவர் வாக்கு வெளிச்சத்தில் இருப்பது அவர் கடமை. ஏனென்றால் அது அவருடைய சொந்த வாக்கு அல்ல, நாம் கொடுத்து அனுப்பியது. கொடுத்தவனிடம் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கணக்கை யாரும் கட்டாயப்படுத்தாத காலத்தில், தானாக முன்வந்து சொன்ன ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அவர் பெயர் எட்மண்ட் பர்க். அவர் நின்ற தொகுதி, இங்கிலாந்தின் மேற்கே இருக்கிற பிரிஸ்டல் துறைமுகம்.

1774-ஆம் ஆண்டு. ஏவன் ஆற்றில் கடல் ஓதம் ஏறும்போது கப்பல்கள் ஊருக்கு நடுவிலேயே வந்து நிற்கும். சர்க்கரை, புகையிலை, அயர்லாந்துச் சரக்கு என்று எல்லாம் இறங்கும். அடிமை வியாபாரத்தில் வந்த பணமும் அந்த ஊரில் நிறைய இருந்தது, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. வாக்குரிமை உள்ளவர்கள் சுமார் 5,000 பேர், அத்தனை பேரும் ஆண்கள். வாக்குப்பதிவு வாரக்கணக்கில் நடக்கும்.

எப்படி நடக்கும் தெரியுமா? வாக்காளர் மேடையேறி, எல்லோர் காதிலும் விழும்படி தான் யாருக்கு வாக்களிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எழுத்தர் பெயரையும் வாக்கையும் எழுதிக்கொள்வார். பிறகு அதைப் புத்தகமாகவே அச்சடிப்பார்கள். கடன் கொடுத்தவர், வீட்டுச் சொந்தக்காரர், முதலாளி, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ரகசிய வாக்குச்சீட்டு அந்த நாட்டில் 1872-இல்தான் வந்தது.

ஆனால் லண்டனில், நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபைக்குள் நிலைமை நேர்மாறு. சபையில் யார் என்ன பேசினார்கள் என்று அச்சடிப்பதே 1771 வரை தண்டனைக்குரிய காரியமாக இருந்தது. எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பட்டியலைச் சபையே வெளியிடத் தொடங்கியது 1836-இல். அதாவது ஏழைத் தச்சனின் வாக்கு ஊருக்கெல்லாம் தெரியும், அவன் அனுப்பிய உறுப்பினரின் வாக்கு அவனுக்கே தெரியாது. தலைகீழாக நின்ற உலகம்.

அந்தத் தேர்தலில் பிரிஸ்டலுக்கு இரண்டு உறுப்பினர்கள். முதலிடத்தில் வென்றவர் ஹென்றி க்ரூகர், நியூயார்க்கில் பிறந்த வணிகர். வாக்காளர் சொல்கிறபடி நடப்பதே உறுப்பினரின் வேலை என்றார். இரண்டாவது வந்தவர் பர்க், டப்ளினில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தவர். வெற்றி அறிவித்த அன்று, நவம்பர் 3-ஆம் தேதி, நன்றி சொல்ல எழுந்தவர் க்ரூகருக்கு எதிரான கருத்தைச் சொன்னார். உங்களுக்காக உழைப்பேன், என் தூக்கத்தை விடுவேன், ஆனால் என் அறிவையும் மனசாட்சியையும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

அரசியல் பாடத்தில் அந்தப் பேச்சோடு பர்க்கை முடித்துவிடுவார்கள். உறுப்பினர் தன் இஷ்டத்துக்கு நடக்கலாம் என்பதற்கு அதை மேற்கோள் காட்டுகிறவர்களும் உண்டு. அது அநியாயம். தன் அறிவுப்படி நடப்பேன் என்று சொன்னவர், நடந்த பிறகு ஏன் அப்படி நடந்தேன் என்று ஆறு வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் முதல் பாதிக்கு அர்த்தமே இல்லை.

1777 ஏப்ரலில் பிரிஸ்டலின் ஷெரிப்புகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அமெரிக்காவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கா சம்பந்தமாக நிறைவேறிய இரண்டு சட்டங்களின் பிரதிகளையும் கடிதத்தோடு வைத்து அனுப்பினார். அதில் ஒன்று, பிடிபட்ட அமெரிக்கர்களுக்கு ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்கிற சட்டம். அந்த விவாதத்தின்போது தான் சபைக்கே போகாமல் இருந்ததற்கும் காரணம் எழுதினார். வாக்களித்ததற்கு மட்டுமல்ல, வாக்களிக்காமல் இருந்ததற்கும் கணக்கு! மசோதா எது, அதில் என்ன இருக்கிறது, தான் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று நான்கும் ஒரே உறைக்குள். இதைவிட நல்ல தொகுதிக் கடிதத்தை நான் படித்ததில்லை.

அடுத்த வருடம் அயர்லாந்து வியாபார மசோதாக்கள் வந்தன. அயர்லாந்து தன் சரக்கைக் குடியேற்ற நாடுகளுக்கு நேரே அனுப்பக்கூடாது என்று இங்கிலாந்து விலங்கு போட்டிருந்தது. அதைத் தளர்த்தப் பார்த்தார்கள். பிரிஸ்டல் வணிகர்களுக்குக் கோபம். பர்க் மசோதாவை ஆதரித்தார், இரண்டு கடிதங்களில் காரணமும் எழுதினார். அயர்லாந்துக்காரன் பிழைத்தால் பிரிஸ்டல்காரன் கெட்டுவிட மாட்டான், இருவருக்கும் உலகம் இடம் வைத்திருக்கிறது என்பது அவர் வாதம். வணிகர்கள் மனம் மாறவில்லை.

1780 செப்டம்பரில் மறுபடியும் தேர்தல். பர்க் பிரிஸ்டலுக்கு வந்து கில்ட்ஹாலில் நின்று பேசினார். அவர் மீது ஊரில் நான்கு குறைகள். தொகுதிக்கு அடிக்கடி வரவில்லை, அயர்லாந்துக்கு ஆதரவாக நின்றார், கடனாளிகள் மசோதாவை ஆதரித்தார், கத்தோலிக்கருக்குச் சலுகை வாங்கிக் கொடுத்தார். இந்த நான்கையும் மழுப்பாமல், ஒன்று விடாமல் எடுத்துப் பதில் சொன்னார்.

கடனாளிகள் விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கள். அன்றைய சட்டப்படி, கடன் திருப்பித் தராதவனைக் கடன் கொடுத்தவன் சிறையில் தள்ளலாம். அவன் பணத்தை ஒளித்து வைத்தவனா, உண்மையிலேயே நொடித்துப் போனவனா என்று பார்க்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. கடன் கொடுத்தவனுக்கு மனம் இரங்கும்வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். சிறைக்குள் இருக்கிறவன் எப்படிச் சம்பாதித்துக் கடனை அடைப்பான்? இந்தக் கொடுமையைக் குறைக்க பீச்சம் பிரபு ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரிஸ்டலில் வாக்குரிமை வைத்திருந்த வியாபாரிகள் பலர் கடன் கொடுத்தவர்கள். அவர்கள் எதிரே நின்று, சிறையில் கிடக்கிறவனுக்காகப் பேசினார் பர்க். தண்டிப்பது நீதிபதியின் வேலை, கடன் கொடுத்தவரின் வேலை அல்ல என்றார். சிறை சிறையாகப் போய்க் கைதிகளின் நிலையைக் கண்டு எழுதிய ஜான் ஹோவர்டை அந்த மேடையிலேயே மனம்விட்டுப் புகழ்ந்தார்.

கத்தோலிக்கர் விஷயம் இன்னும் ஆபத்தானது. 1778-இல் ஜார்ஜ் சாவில் கொண்டுவந்த சட்டம், கத்தோலிக்கருக்கு எதிரான பழைய கொடுஞ்சட்டங்களில் சிலவற்றை நீக்கியது. பாதிரியாரைக் காட்டிக்கொடுத்தால் நூறு பவுன் பரிசு, பாதிரியாருக்கு ஆயுள் சிறை என்று இருந்த சட்டங்கள் அவை. அந்தச் சலுகையை எதிர்த்து 1780 ஜூனில் லண்டனில் கலவரம் வெடித்தது. நாள்கணக்கில் நகரம் எரிந்தது, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பர்க்கின் வீட்டுக்கும் மிரட்டல் வந்தது. மூன்று மாதம் ஆகவில்லை, சாம்பல் சூடு ஆறவில்லை. அந்த நேரத்தில் வாக்குக் கேட்டு நிற்கிற ஒருவர், ஆமாம், அந்தச் சட்டத்துக்கு நான் துணை நின்றேன், அது நியாயம் என்று மேடையில் சொன்னார்.

வாக்காளர்கள் என்ன செய்தார்கள்? மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜெயிக்கும் வழியில்லை என்று தெரிந்து பர்க் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். ராக்கிங்ஹாம் பிரபுவின் செல்வாக்கில் இருந்த மால்ட்டன் என்ற சிறு தொகுதிதான் அவரை மறுபடியும் சபைக்கு அனுப்பியது. சுதந்திரமாகப் பேசின மனிதர் ஒரு பிரபுவின் தயவில் உட்கார வேண்டி வந்தது. எனக்கு இன்றும் உறுத்துகிற இடம் அது.

நேயர்களே, இந்தக் கதைக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே மால்ட்டன் உறுப்பினராக 1785 பிப்ரவரி 28-ஆம் தேதி பர்க் சபையில் எழுந்தார். பேச்சு, ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் நவாபுக்குக் கடன் கொடுத்ததாகக் கணக்குக் காட்டி, கர்நாடகச் சீமையின் வரிப்பணத்திலிருந்து வசூலிக்கப் பார்த்தார்கள். விசாரிக்காமலே கொடுத்துவிட அரசு தயாராக இருந்தது. பர்க் நம் ஏரிகளைப் பற்றிப் பேசினார். ஒரு நில வரைபடத்தை வைத்துக்கொண்டு ஏரி குளங்களைத் தானே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். அந்த ஒரு படத்தில் மட்டும் 1,100-க்கு மேல் வந்தது என்று சொன்னார். மழை பொய்க்கும் நாட்டில் கரை கட்டித் தண்ணீர் தேக்கிய பழைய அரசர்கள்தான் உண்மையான ஆட்சியாளர்கள் என்றார். தஞ்சை மன்னரின் முகவராக அவருடைய உறவினர் வில்லியம் பர்க் இருந்ததையும் சொல்ல வேண்டும், அதனால் எழும் சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும், தன்னைக் கண்ணால் பார்த்திராத, தனக்கு ஒரு வாக்குகூடப் போட முடியாத குடியானவர்களின் ஏரியை எண்ணிய உறுப்பினர் அவர். அன்றைக்கும் தோற்றார். பேச்சை ஆவணங்களோடு சேர்த்து அச்சடித்து வெளியிட்டார். அதனால்தான் இன்றும் நம்மால் படிக்க முடிகிறது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

எங்கள் ஊருக்குச் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார் என்றால் சின்ன வயதில் எங்களுக்குத் திருவிழா. பந்தலுக்குக் கீழே பெரியவர்கள் மனுவோடு வரிசையில் நிற்பார்கள். தெருவிளக்கு, கைபம்பு, முதியோர் பென்ஷன். எல்லாம் நியாயமான தேவைகள். ஒரு தடவையாவது யாராவது, ஐயா, போன கூட்டத்தொடரில் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அவரும் சொன்னதில்லை.

கேட்டாலும் சொல்வதற்குப் பதிவு வேண்டுமே! நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆம் என்பவர் ஆம் என்று குரல் கொடுக்க, இல்லை என்பவர் இல்லை என்க, ஆம் என்றவர்களே அதிகம் என்று அவைத்தலைவர் அறிவிக்கிறார். யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார், யார் கேன்டீனில் இருந்தார் என்பதற்கு எந்த ஏடும் இல்லை. டிவிஷன், அதாவது எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு, நடந்தால்தான் ஒவ்வொருவர் பெயரும் பதிவாகும். 2020 செப்டம்பர் 20-ஆம் தேதி மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும், வேளாண் மசோதாக்கள் இரண்டு அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. நாட்டின் கோடிக்கணக்கான விவசாயிகளைத் தொடவிருந்த சட்டங்கள் (2021-இல் திரும்பப் பெறப்பட்டன), அவற்றில் ஓர் உறுப்பினரின் வாக்குகூடப் பெயரோடு பதிவாகவில்லை. சரியாக மூன்று வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 20-ஆம் தேதி, மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் நிறைவேறியது. ஆதரவு 454, எதிர்ப்பு 2. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் எண்ணித்தான் ஆக வேண்டும். எதிர்த்த இருவர் யார் என்றும் நாட்டுக்குத் தெரியும், ஏன் எதிர்த்தோம் என்று அவர்கள் பேசவும் செய்தார்கள். அது ஆரோக்கியம்.

கொறடா உத்தரவு இருக்கிறதே, அதை மீறினால் பதவி போய்விடுமே என்று உறுப்பினர்கள் சொல்வார்கள். உண்மைதான். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சட்டம் வாக்கைத்தான் கட்டுகிறது. மசோதாவில் என்ன இருக்கிறது, நம் தொகுதி நெசவாளருக்கு, மீனவருக்கு, கரும்பு விவசாயிக்கு அதனால் என்ன ஆகும் என்று ஊருக்கு வந்து விளக்கிச் சொல்வதை எந்தக் கொறடாவும் தடுக்கவில்லை. கட்சி முடிவு இது, அதன் காரணம் இது என்று சொல்லலாம். கேட்கிற சனங்கள் கோபப்பட்டால், அந்தக் கோபத்தைத் தலைமைக்கு எடுத்துப் போகலாம். பர்க்குக்குக் குதிரை வண்டியும் மைக்கூடும்தான் இருந்தன. இன்றைக்கு ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் கைபேசி இருக்கிறது.

பர்க்கைக் கைவிட்ட பிரிஸ்டல் வாக்காளர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் கணக்குச் சொன்னார், அவர்கள் கேட்டார்கள், பிடிக்கவில்லை, வேண்டாம் என்றார்கள். எதற்காக வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்து சொன்னார்கள். நமக்கு அந்த வாய்ப்பே பெரும்பாலும் கிடைப்பதில்லை. எதற்காக வேண்டும் என்கிறோம் என்று தெரியாமலே வேண்டும் என்கிறோம்.

மக்களவையின் விவாதங்களும் டிவிஷன் நடந்தபோது யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலும் வெளியிடப்படுகின்றன. வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது தெருவிளக்கையும் கேளுங்கள், குடிநீரையும் கேளுங்கள். கூடவே, போன கூட்டத்தொடரில் வந்த ஏதாவது ஒரு மசோதாவின் பெயரைச் சொல்லி, அதில் எந்தப் பக்கம் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்றும் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.