கைப்பிடி இல்லாத கோப்பை



'வறுமை கற்றுத் தந்த நன்றி' என்று வாசகர் வட்டத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அந்தத் தலைப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. வறுமை எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. பசித்த வயிற்றோடு உட்கார்ந்த பிள்ளைக்கு வாய்ப்பாடு மண்டையில் ஏறாது. வறுமை செய்த வேலை அதுதான். நன்றியை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் மனிதர்கள். தன் வீட்டுப் பானையும் பாதிதான் இருக்கிறது என்று தெரிந்தே, எங்கள் வீட்டுக்கு ஆழாக்கு அரிசி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டுப் பெரியம்மா கற்றுத் தந்தார். அவருக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொண்டுபோய் வறுமையின் பேரில் எழுதிவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

என் அம்மா இந்த ஊரில் பீங்கான் பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தவள். இங்கே இருக்கிற பலருக்கு அந்த வேலை தெரியும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக் களிமண்ணோடு அரைத்த கல்மாவைச் சேர்த்து, தண்ணீர் விட்டு, கெட்டி மோர் பதத்துக்குக் கரைப்பார்கள். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுக்குள் ஊற்ற வேண்டும். மோல்டு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் சுவரோரமாகப் படிந்து தடிக்கும். தேவையான கனம் வந்ததும் மிச்சக் குழம்பை வெளியே கொட்டிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கனத்துவிடும், முந்தினால் மோல்டைத் திறக்கும்போதே சரிந்துவிடும். அந்த நேரத்தை அம்மா கடிகாரம் பார்த்துக் கணித்ததில்லை, விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பிறகு மூட்டு ஓடிய இடத்தைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்கிக் காயவைப்பது. சூளையில் ஒரு வேக்காடு, கிளேஸ் முக்கி எடுத்து இன்னொரு வேக்காடு. ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும் அந்தச் சூட்டில் வெந்து வெளியே வரும்போது பாண்டம் சுருங்கியிருக்கும். ஈரமாக இருந்த அளவில் பத்தில் ஒரு பங்கு, சில மண்ணில் அதற்கு மேலும் போய்விடும். அந்தச் சுருக்கத்தையும் முன்கூட்டியே கணக்குப் பண்ணித்தான் மோல்டு செய்கிறார்கள்.

சூளையில் கோணிப்போனதையும், கைப்பிடி விட்டுப்போனதையும் கடைக்கு அனுப்ப முடியாது. அப்படி ஒதுக்கியவற்றில் ஒன்றிரண்டை அம்மா கேட்டு வாங்கி வருவாள். எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர் கிடையாது, ஆனால் பீங்கான் கோப்பை இருந்தது. எனக்கு வாய்த்தது கைப்பிடி இல்லாத ஒன்று. வரக்காப்பியை அதில் ஊற்றினால் சூடு நேராக விரலில் ஏறும். பாவாடை முனையால் சுற்றிப் பிடித்துக் குடிப்பேன். அம்மா ஒருநாள் அந்தக் கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஊற்றியது யார், துடைத்தது யார், கிளேஸ் முக்கியது யார், சூளையில் அடுக்கியது யார் என்று ஒவ்வொரு பேராகச் சொன்னாள். எல்லாம் எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த மாமாக்கள், அத்தைகள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. எளிய பொருள் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதற்குப் பின்னால் பேர் பேராக மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களை அறிந்து வைத்திருப்பதைத்தான் நான் நன்றி என்கிறேன்.

அந்த வரிசை பட்டறை வாசலோடு முடிந்துவிடாது. பீங்கானுக்கு ஏற்ற களிமண் நெய்வேலிப் பக்கத்து நிலத்தில் கிடைக்கிறது. பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கம் வெட்டும்போது அதுவும் மேலே வருகிறது. சுரங்கத்துக்கு முன்னால் அங்கே ஊர்கள் இருந்தன. முந்திரியும் பலாவும் நின்ற கொல்லைகளை விட்டுப் புறப்பட்டவர்களின் கதையை நம் மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன் 'வந்தாரங்குடி' என்று நாவலாகவே எழுதியிருக்கிறார். 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த மண் அது. அந்த வெளிச்சத்துக்காகத் தன் வீட்டு அடுப்பைப் பெயர்த்துக்கொண்டு போனவளையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

நன்றி என்ற பேரில் நடந்த கொடுமையும் உண்டு. இமையம் 1994-ல் எழுதிய 'கோவேறு கழுதைகள்' நாவலில் வரும் ஆரோக்கியத்தை இங்கே பலர் படித்திருப்பீர்கள். ஊர்த் துணியெல்லாம் வெளுத்து, பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் கூடவே நின்று, இரவானால் வீட்டுக்கு வீடு போய்ச் சோறு வாங்குகிறவள். களத்தில் அவளுக்குச் சேர வேண்டிய தானியத்தை அவள் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அவளிடமும் ஒரு நன்றியை எதிர்பார்த்தார்கள். கூலியைப் பிச்சை மாதிரி போட்டுவிட்டு, வாங்கியவள் கும்பிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தார்கள். அதை நன்றி என்று சொல்ல என் நாக்கு வராது. ஏழைப் பிள்ளைகளுக்கு 'இருப்பதைக் கொண்டு திருப்தியாக இரு' என்று புத்தி சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆரோக்கியத்தின் முகம்தான் முன்னால் வருகிறது.

கும்பிடு எதிர்பார்க்காத கொடையும் உண்டு. இங்கிருந்து வடலூர் என்ன தூரம்? பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். 1867-ல் வள்ளலார் அங்கே தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. சின்ன வயதில் தைப்பூசத்துக்கு அம்மா எங்களை அழைத்துப் போவாள். சோதி பார்க்கத்தான் போகிறோம் என்பாள், ஆனால் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் என்பது எங்களுக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்த எங்களிடம் யாரும் பேர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. இலை போட்டவர் பரிமாறிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். எங்கள் நன்றியைப் பெற்றுக்கொள்ளக்கூட அவர் நிற்கவில்லை. அப்படி ஒருவர் கொடுக்கும்போது வாங்குகிறவர் குனிய வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

பள்ளியில் எனக்குக் கிடைத்த சத்துணவையும் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். காமராஜர் காலத்து மதிய உணவை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2001-ல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. 2022-லிருந்து நம் மாநிலத்தில் காலை உணவும் சேர்ந்துகொண்டது. சட்டம் தர வேண்டியதைத்தானே தருகிறது, அதற்கு எதற்கு நன்றி என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. தட்டில் விழும் சோறு உரிமை, அதற்கு யாரும் கும்பிட வேண்டாம். ஆனால் எங்கள் பள்ளியில் ஓர் ஆயா இருந்தார். புகையில் கண் சிவந்து நிற்பார். நான் இரண்டாம் முறை வரிசையில் வந்ததைப் பார்த்தும் பார்க்காதவர் போல ஒரு கரண்டி கூடவே வைப்பார். அந்தக் கூடுதல் கரண்டியை எந்த உத்தரவிலும் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா? நம் பழமலைநாதர் கோயில் தலவரலாறு எல்லோருக்கும் தெரியும். திருப்பணி செய்த வேலையாட்களுக்கு விபசித்து முனிவர் வன்னி மரத்து இலைகளைக் கூலியாகக் கொடுத்தார். அவரவர் உழைத்த அளவுக்கு அந்த இலை பொன்னானது என்பார்கள். என் ஊர்க் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோயில் கட்டியவனுக்குப் புண்ணியம் போதும் என்று அந்தக் கதை சொல்லவில்லை. உழைப்புக்குத் தக்க கூலி என்கிறது.

ஆகவே, தாய்மார்களே, கார்த்திகைக்கு அகல் வாங்கும் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நம் பீங்கான் தொழிற்பேட்டையில் செய்த அகலுக்குப் பேரம் பேசாதீர்கள். உங்கள் பேரத்தில் குறையும் காசு கடைசியில் பீஸ் ரேட்டில்தான் இடிக்கும். பட்டறை நடத்தும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கல்மாவுத் தூசி நுரையீரலில் படிந்தால் திரும்பாது. என் அப்பா அரைவை வேலைக்குப் போனவர். அவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டே தூங்கிய பிள்ளை நான். முகக்கவசமும், தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறியும் செலவுக் கணக்கில் வந்தால் வரட்டும், தயங்க வேண்டாம்.

பீங்கான் படிக்கும் பிள்ளைகளே, உங்களிடம் கேட்பது வேறு. கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே, இந்த மண்ணில் உழுகிறவர்களும் மேய்க்கிறவர்களும் பேசும் சொற்களைச் சேர்த்து 'நடுநாட்டுச் சொல்லகராதி' கொண்டுவந்தார். பெரிய பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைக் கையில் கிரீஸ் ஒட்டியிருந்த ஒரு தொழிலாளி செய்து முடித்தார். பீங்கான் வேலைக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும். மண் கரைக்கிறவர் வாயில் வரும் சொல், சூளை அடுக்குகிறவர் வெடிப்புக்கு வெடிப்பு வைத்திருக்கும் பேர், விளிம்பைப் பார்த்தே கனத்தைச் சொல்கிற கண்ணின் கணக்கு, இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள், வயதும் ஆகிவிட்டது. ஒரு நோட்டும் பேனாவுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். சொன்னவர் பேரைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அச்சுச் செலவுக்கு முதல் பணத்தை இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசகர் வட்டச் செயலாளரிடம் நான் கொடுக்கிறேன். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள்.