நிறுத்திய மூன்றாம் நாள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

தலைவி அவர்களே, எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகளே, ராத்தாமாரே, அக்காமாரே, தங்கைமாரே,

விழா மேடையில் ஒரு வைத்தியர் ஏறினால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. நம் ஊர்களில் யாரும் வாய் திறக்காத ஒரு விடயத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். குடியை நிறுத்துகிற ஒருவருக்கு முதல் ஒரு வாரத்தில் என்ன நடக்கும் என்பதே அது.

"நம்மட ஊரில் யார் குடிக்கிறார்?" என்று சிலர் கேட்கலாம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, மது வீட்டுக்குள் வெளிப்படையாக வருவதில்லை. அதனால் அது இல்லாமல் போய்விடவில்லை. ஒளித்துக் குடிப்பவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது மனைவிக்கும் தெரியாது. அவர் நிறுத்துவதும் ஒளித்துத்தான். சிலர் நோன்புப் பிறை கண்ட இரவிலேயே நிறுத்திவிடுவார்கள். நிய்யத் நல்லது. ஆனால் நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தோமே, எதிரணி சட்டென்று கயிற்றை விட்டால் என்ன நடக்கும்? மல்லாந்து விழுவோம். மது மூளையை மந்தத்தின் பக்கம் இழுக்கிறது. மூளை விழிப்பின் பக்கம் எதிர்த்து இழுத்துப் பழகிவிடுகிறது. மது ஒரே நாளில் நின்றால் மூளையின் இழுவை மட்டும் மிஞ்சும்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும், ஓங்காளிக்கும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. நோன்புக் களைப்பு என்று வீட்டார் நினைப்பார்கள். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், 100 பேரில் சுமார் 5 பேருக்குப் புத்தி தடுமாறும். இருக்கும் இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சலும் இருக்கலாம். ஆங்கிலேய வைத்தியர் தோமஸ் சட்டன் 1813இல் இதற்கு டெலீரியம் ட்ரெமென்ஸ் என்று பெயரிட்டார். இது குடித்ததால் வருவதல்ல, குடியை நிறுத்தியதால் வருவது என்பதை 1955இல் அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினரின் ஆய்வு தெளிவாக்கியது.

நம் ஊரில் இதற்கு ஜின் என்றும் பேய் என்றும் பெயர். ஆளை அறைக்குள் பூட்டிவிட்டு, ஓதிப் பார்க்க ஆள் தேடுவார்கள். ஓதுவதை நான் தடுக்கவில்லை. அம்புலன்ஸில் ஏற்றிவிட்டு ஓதுங்கள். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்தார்கள். இன்று உரிய சிகிச்சை கிடைத்தால் அது 100க்கு 5ஐ விடக் குறைவு.

வைத்தியசாலையில் டயசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, 5 முதல் 7 நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்துகிற வேலை அது. விட்டமின் பி-1 ஊசியும் போடுவோம். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் ஞாபகசக்தி நிரந்தரமாகக் கெடலாம். எனவே களைப்பென்று வீட்டில் சேலைன் ஏற்றுவிக்க வேண்டாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. சுகமானபின் கழாச் செய்யலாம்.

ஆகவே, நிறுத்த நினைப்பவர் நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரிடம் வரட்டும். காலையில் நடுக்கம் போகக் குடிப்பவரும், முன்பு வலிப்பு வந்தவரும் வீட்டில் தாமாக நிறுத்தவே கூடாது. வலிப்போ தடுமாற்றமோ கண்டால் உடனே 1990ஐ அழையுங்கள். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே கொண்டுபோங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியது: "இவர் குடிக்கிறவர். இத்தனை நாளைக்கு முன் நிறுத்தினார்." வெட்கப்பட்டு இதை மறைத்தால், நாங்கள் வேறு நோயைத் தேடி நேரத்தை வீணாக்குவோம். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது எங்கள் கடமை. நீங்கள் சொன்னதைப் பள்ளிவாசலுக்கோ அயலவருக்கோ நாங்கள் சொல்வதில்லை. பேசவாவது ஒருவர் வேண்டுமென்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது.

அந்த ஒரு வாரம் தொடக்கம் மட்டுமே. உடல் தேறினாலும் ஆசை மாதக்கணக்கில் திரும்பி வரும். கிளினிக்குக்குத் தொடர்ந்து கூட்டிவாருங்கள். வீட்டில் பழையதைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள்.

டோஹாவிலும் லண்டனிலும் இருக்கிற தோழிகளே, ஒரு நாள் ஊரிலிருந்து அழைப்பு வரலாம்: "காக்கா ஒரு மாதிரிப் பேசுறார், யாரோ செய்வினை செஞ்சிட்டாங்க போல." அப்போது கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது குடித்தார்?" அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.