குண்டலகம்மா நதிக்கரைச் சபை



அக்காலத்தில் சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் அடங்கியிருந்த ஒங்கோல் என்னும் சிற்றூரில், 1867-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று, அமெரிக்கப் பாதிரியாரான ஜான் கிளஃப் எட்டே அங்கத்தினரைக் கொண்டு ஒரு பாப்டிஸ்ட் திருச்சபையை ஸ்தாபித்தார். தோல் தொழில் செய்துவந்த மாதிகர் சமூகத்தைச் சேர்ந்த எர்ரகுண்ட்ல பேரய்யா என்பவரைச் சபை ஏற்றுக்கொண்டது மேல்ஜாதியாருக்குச் சம்மதமாயில்லை. ஆயினும் அம்மக்களாலேயே சபை வளர்ந்தது.

பின்னர், நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று நடுங்கிச் சொல்வார்களே, அந்தக் கொடுமை வந்தபோது, பக்கிங்ஹாம் கால்வாயில் சில மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் தாமே ஏற்று, பசித்தவர்க்கு வேலையும் கூலியும் அளித்தார். ஆனால் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை, கூலிக்காகச் சேர்ந்தார்கள் என்னும் அபவாதத்துக்கு இடமளிக்கலாகாதென்று, பஞ்சம் தணியும்வரை காத்திருக்கச் செய்தார். அவருடைய சாதனைகள் அனைத்தினும் இந்தத் தயக்கமே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

பாப்டிஸ்டுகள் சிசுக்களுக்கு நீர் தெளிப்பதை ஒப்பாதவர்கள். விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டவரையே நீரில் முழுக்காட்டுவார்கள். ஆகையால், பஞ்சம் தணிந்தபின், 1878 ஜூலை 3-ஆம் தேதி, குண்டலகம்மா நதியில், ஆறு போதகர்கள், ஒரு சமயத்தில் இருவராக நீரில் நின்று, முறை மாற்றி மாற்றி, அந்த ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.