உழவர் மன்றமும் ஊர்ப்பணியும்



நம் நாட்டுச் சிற்றூர் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். நடுவே வீடுகள் நெருங்கி நிற்கும். அவற்றைச் சூழ வயல்கள் பரந்து கிடக்கும். உழவன் காலையில் ஊரினின்றும் வயலுக்குப் போகிறான். மாலையில் வயலினின்றும் ஊருக்கு மீள்கிறான். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் திண்ணையில் நின்று குரல் கொடுத்தாற் போதும். நாலு பேர் வந்து விடுவர். கோயிலும் குளமும் சந்தையும் சாவடியும் மக்களை நாள்தோறும் ஒன்று கூட்டுகின்றன. இவ்வளவையும் நாம் பிறந்தபொழுதே பெற்று விடுகின்றோம். ஆதலால் இவற்றின் அருமையை நாம் எண்ணுவதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குச் சமவெளிகளில் குடியேறிய உழவர்க்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. 1862-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, புதுநிலத்திற் குடியேறி ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்பவர்க்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாயிற்று. ஒவ்வொருவரும் தத்தம் நிலத்திலேயே வீடு கட்டிக் கொண்டனர். 160 ஏக்கர் என்பது அரை மைல் நீளமும் அரை மைல் அகலமும் உடைய சதுரம். ஆகவே, எல்லா நிலமும் குடியேறப் பெற்றிருந்தாலும் அண்டை வீடு பெரும்பாலும் ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பாலேதான் இருக்கும். பனிக்காலத்தில் வாரக் கணக்கில் வேற்று முகத்தைக் காணாத குடும்பங்கள் பல. நிலம் இருந்தது; விளைச்சலும் இருந்தது; ஊர் இல்லை. இந்தக் குறையை நிறைவு செய்ய எழுந்த ஓர் உழவர் அமைப்பைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

அந்த அமைப்பின் பெயர் கிரேஞ்ச் என்பது. தானியக் களஞ்சியத்தையும் அதனைச் சார்ந்த பண்ணை வீட்டையும் குறிக்கும் பழஞ்சொல் அது. 'உழவுத் தொழிலின் புரவலர்' என்று பொருள்படும் நீண்ட பெயரும் அதற்கு உண்டு. 1867-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் அது தோன்றிற்று. தோற்றுவித்தோருள் முதல்வர் ஆலிவர் ஹட்சன் கெல்லி என்பார். அவர் பாஸ்டன் நகரில் பிறந்து, மின்னசோட்டாவிற் குடியேறி உழுது பயிரிட்டவர். பின்னர் அரசாங்க வேளாண்மைத் துறையில் எழுத்தராக அமர்ந்தவர்.

1861 முதல் 1865 வரை அந்நாட்டின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் தம்முள் பொருத உள்நாட்டுப் போர் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. தென்னாட்டு வேளாண்மை எந்நிலையில் உள்ளது என்று நேரிற் கண்டு வருமாறு 1866-இல் கெல்லி அனுப்பப் பெற்றார். வடநாட்டு அலுவலரைத் தென்னாட்டார் வெறுப்புடன் நோக்கிய காலம் அது. ஆயினும் கெல்லி, பிரீமேசன் என்னும் சகோதர சங்கத்தின் உறுப்பினர். தென்னாட்டிலும் அச்சங்கத்தினர் இருந்தனர்; அவர்கள் அவரைச் சகோதரராக ஏற்று விருந்தோம்பினர். போர்க்களத்திற் பகைவராய் நின்றவரையும் ஒரு சங்கத்தின் உறவு ஒரே மேசையில் அமர்த்த வல்லதாயின், சிதறிக் கிடக்கும் உழவரை அத்தகைய உறவு பிணைக்கலாகாதோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

கெல்லியோடு அறுவர் சேர்ந்தனர். அவருள் ஒருவர் வில்லியம் சாண்டர்ஸ்; கெட்டிஸ்பர்க் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை வகுத்தமைத்த தோட்டக்கலை வல்லுநர் அவரே. கெல்லியின் உடன்பிறந்தார் மகளாகிய கரோலைன் ஹால் அம்மையார் ஒரு யோசனை கூறினார்: பெண்களையும் ஆண்களோடு ஒப்பச் சேர்த்தாலன்றி இச்சங்கம் வேர் பிடியாது என்பது அது. எழுவரும் அதனை ஏற்றனர். நிறுவுநர் எழுவரோடும் ஒத்தவர் என்று 1892-இல் அவ்வம்மையாரைச் சங்கம் சிறப்பித்தது. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, இந்த உழவர் மன்றங்களிற் பெண்கள் வாக்களித்தனர், பதவிகளையும் வகித்தனர்.

முதல் உழவர் மன்றம் 1868-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நியூயார்க் மாநிலத்துப் பிரிடோனியா என்னும் ஊரில் அமைந்தது. மன்றத்திற் சேர்வதற்கு நான்கு படிகள் வகுக்கப்பட்டன. அவை வேனில் தொடங்கிக் குளிர் வரையுள்ள நான்கு பருவங்களையும் ஒட்டியவை. நிலத்தைத் திருத்துவோன், பயிர் வளர்ப்போன், அறுவடை செய்வோன், முழு உழவன் என்று உறுப்பினர் படிப்படியாக ஏறுவர். ஒவ்வொரு படியிலும் ஓர் அறம் கற்பிக்கப்படும்: நம்பிக்கை, எதிர்நோக்கு, ஈகை, வாய்மை தவறாமை என்பன அவை. கலப்பையும் மண்வெட்டியும் அரிவாளும் அந்தச் சடங்குகளிற் பாடப்பொருள்களாக அமைந்தன. நாள்தோறும் கையிற் பிடித்து அலுத்துப்போன கருவியையே எடுத்துக் காட்டி, இதனுள் ஓர் அறம் உண்டு என்று சொல்லும்பொழுது உழவன் தன் தொழிலைப் புதிய மதிப்புடன் நோக்கக் கற்றுக் கொண்டான்.

மன்றத்தின் அலுவலர்களுள் விரிவுரையாளர் என்று ஒருவர் உண்டு. பல்கலைக் கழகத்து விரிவுரையாளர் என்று எண்ணி விட வேண்டா. அவரும் உழவரே, அல்லது உழவரின் மனைவியே. ஒவ்வொரு கூட்டத்திலும் அறிவுக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்வது அவர் கடமை. ஒரு நாள் மண்வளம் பற்றிய பேச்சு. மற்றொரு நாள் சொற்போர். வேறொரு நாள் இசையும் நாடகமும். அவையில் எழுந்து நாலு வார்த்தை பேசி அறியாத ஆடவரும் பெண்டிரும் இங்கே பேசப் பழகினர். தீர்மானம் எழுதவும் கணக்கு வைக்கவும் கற்றனர்.

இனி, இச்சங்கத்தின் வளர்ச்சியையும் வீழ்ச்சியையும் பார்ப்போம். 1870-க்குப் பின் உழவரை வருத்திய கொடுமை புகைவண்டிக் கட்டணமும், தானியக் கிடங்குகளின் வாடகையும் ஆகும். வேறு வழியில்லாத உழவர் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. உழவர் ஒன்று திரண்டனர். இல்லினாய், அயோவா, மின்னசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்கள் கட்டணத்திற்கு வரம்பு விதித்துச் சட்டம் செய்தன. அத்தகைய சட்டம் செல்லும் என்று நாட்டின் உச்சநீதி மன்றம் 1877-இல் தீர்ப்பளித்தது. அதே காலத்தில் மன்றங்கள் பொருள்களை மொத்தமாக வாங்கி உறுப்பினர்க்கு மலிவாகக் கொடுத்தன. 1872-இல் தொடங்கிய மாண்ட்கோமரி வார்ட் என்னும் அஞ்சல்வழி விற்பனை நிலையம் இவ்வுழவர்களையே முதல் வாடிக்கையாளராகக் கொண்டு வளர்ந்தது. 1875-இல் உறுப்பினர் தொகை 8,50,000-ஐத் தாண்டிற்று.

ஆனால் ஐந்தே ஆண்டுகளில், 1880-இல், அத்தொகை ஒன்றேகால் இலட்சத்துக்கும் குறைந்து போயிற்று! காரணம் யாது? கூட்டு வாணிகம் பல இடங்களில் நொடித்தது. அயோவா மன்றத்தார் அறுவடைப் பொறிகளைத் தாமே செய்து விற்க முயன்று பெருநட்டம் அடைந்தனர். மலிவு விலையை நாடி வந்தவர், மலிவு மறைந்ததும் தாமும் மறைந்தனர். எஞ்சியவர் யார்? பக்கத்து வீட்டார் முகத்தைக் காண வந்தவரே எஞ்சினர். அவர்களே பின்னும் பல தலைமுறைகள் சங்கத்தைத் தாங்கினர். இலாபத்திற்காகக் கூடும் கூட்டம் விரைவிற் பெருகும்; விரைவிற் கரையும். உறவுக்காகக் கூடும் கூட்டம் மெல்ல வளரினும் நிலைத்து நிற்கும். இவ்வுண்மையை இச்சங்கத்தின் கணக்கேடே காட்டுகின்றது.

இச்சங்கத்தார் செய்த பணிகள் ஆரவாரமற்றவை. 1874-இல் கான்சாஸ், நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களில் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரை அழித்தபொழுது, பிற மாநிலத்து மன்றத்தார் உதவி திரட்டி அனுப்பினர். அக்காலத்தில் நாட்டுப்புறத்தார் தமக்கு வந்த கடிதத்தைப் பெறவும் வண்டி பூட்டிக்கொண்டு நகர அஞ்சல் நிலையத்திற்குப் போக வேண்டியிருந்தது. வீடு தேடி அஞ்சல் வர வேண்டும் என்று இச்சங்கம் இடைவிடாது கேட்டது. 1896-இல் அந்த ஏற்பாடு தொடங்கிற்று. 1913-இல் சிப்பங்களும் அஞ்சலில் வரத் தொடங்கின. 1930-இல் வாஷிங்டன் மாநிலத்து மன்றத்தார் முன்னின்று, நாட்டுப்புற மக்கள் தாமே மின்சார வாரியம் அமைத்துக் கொள்ளும் சட்டத்தை மக்கள் வாக்கினால் நிறைவேற்றினர். 1935-இல்கூட அந்நாட்டுப் பண்ணை வீடுகளுள் பத்தில் ஒன்றுக்கே மின்விளக்கு இருந்தது என்பதை நினைத்தால் அச்சட்டத்தின் அருமை விளங்கும்.

இவற்றினும் சிறிய பணிகளே எனக்குப் பெரியனவாய்த் தோன்றுகின்றன. மன்றக் கட்டடம் பெரும்பாலும் மரத்தாலானது. சமையலறையும் உணவுக்கூடமும் நாடக மேடையும் கூடமும் அதில் அமைந்திருக்கும். வெர்மாண்ட் மாநிலத்தில் அம்மேடைகளுக்கென்று தீட்டிய ஓவியத் திரைகள் இன்றும் பேணப்படுகின்றன. திருமணமும் அங்கே, தேர்தல் வாக்குச் சாவடியும் அங்கே, குருதிக் கொடை முகாமும் அங்கே. மெயின் மாநிலத்தில் பீன்ஸ் விதையைச் சர்க்கரைப்பாகு சேர்த்து நெடுநேரம் வேக வைத்து ஊர்விருந்து நடத்துவர். உண்டவர் கொடுக்கும் சிறுதொகை கூரையைப் பழுது பார்க்கவும், தீயில் வீடிழந்த குடும்பத்திற்கு உதவவும் செல்லும். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஓர் அகராதியைச் சொந்தமாகக் கொடுக்கும் திட்டத்திலும் பல மன்றங்கள் ஈடுபட்டுள்ளன. செவிப்புலன் குறைந்தோர்க்குத் துணைபுரிவதும் இச்சங்கத்தின் நெடுநாளைய பணிகளுள் ஒன்று.

பெருமையைச் சொல்லும்பொழுது குறையையும் மறைத்தல் ஆகாது. சகோதரத்துவம் பேசிய இச்சங்கத்தின் கதவுகள் தென் மாநிலங்களில் கறுப்பின உழவர்க்குப் பொதுவாக அடைபட்டிருந்தன. அதே வெயிலில் அதே பருத்தியை விளைவித்தவர்கள் அவர்கள். 1886-இல் டெக்சாஸ் மாநிலத்தில் அவர்கள் தமக்கென்று வேறு உழவர் கூட்டணி காணவேண்டியதாயிற்று. பெண்களுக்கு அத்துணை முன்னதாகக் கதவைத் திறந்த அறிவு, இவ்விடத்தில் ஏன் கண்மூடி நின்றது? எந்தச் சங்கமும் யாரை உள்ளே அழைக்கின்றது என்பதைக் கொண்டு மட்டும் அன்று, யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதைக் கொண்டும் அளக்கப்படும்.

இன்று கிரேஞ்ச் பழைய அளவிற் பெரிதன்று. உழவுத் தொழிலில் உள்ளோர் தொகையே அந்நாட்டில் மிகச் சுருங்கி விட்டது, பல மன்றங்கள் பூட்டிக் கிடக்கின்றன, சில விற்கப்பட்டன. ஆயினும் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அது இன்னும் நடைபெறுகின்றது. உழவர் அல்லாதாரும் இப்பொழுது உறுப்பினராகலாம். கெல்லி உழுத நிலம் மின்னசோட்டாவில் எல்க் ரிவர் என்னும் ஊரருகே வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகின்றது.

இக்கதையை உங்களுக்கு நான் தேர்ந்து கூறுவதற்குக் காரணம் உண்டு. தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாட்டின் பிற நகரங்களிலும் வாழும் நீங்கள், ஊரை விட்டு வந்தவர்கள். சமவெளியிற் குடியேறிய உழவனுக்கு அரை மைல் தொலைவு தடையாயிற்று. அடுக்கு மாடியில் வாழும் உங்களுக்கு ஒரு சுவரே தடையாகலாம். இதனை முன்னோர் உணர்ந்தே செயற்பட்டனர். மும்பையில் 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகமும், 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும் அதற்குச் சான்றுகள். பிறப்பால் இழந்த ஊரை அவர்கள் முயற்சியால் ஆக்கிக் கொண்டனர்.

அச்சங்கங்கள் பொங்கலும் இசையும் நாடகமும் நடத்தட்டும், அவை வேண்டும். அவற்றோடு, கிரேஞ்ச் மன்றத்தார் தம்மை நோக்கிக் கேட்டுக் கொண்ட வினாவை நாமும் கேட்டுக் கொள்வோமாக. இத்தெருவில் நோயுற்ற முதியவர் யார்? ஊரிலிருந்து புதிதாய் வந்து, மொழி தெரியாமல் மருத்துவமனை வாயிலில் நிற்கும் கூலித்தொழிலாளி யார்? அவருக்குத் துணையாக நாளைக் காலை உடன் செல்பவர் யார்? கட்டட வேலைக்கு வந்தவரும் அலுவலகத்திற்கு வந்தவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண இடம் இருக்கின்றதா? நம் சங்கத்தின் அகராதியும் நூலகமும் நமக்கு வாழ்வளித்த அந்த மாநிலத்துக் குழந்தைக்கும் பயன்படுகின்றனவா?

இவ்வினாக்களுக்கு விடை காணப் பெருநிதி வேண்டுவதில்லை. மாதத்தில் ஒரு மாலைப்பொழுதும், பெயர்ப் பட்டியல் எழுதிய ஒரு தாளும், அத்தாளைக் கையிற் கொண்டு வீடு வீடாகச் செல்லும் இருவர் மூவரும் போதும். உழவர் மன்றங்கள் பலவும் அவ்வாறுதான் தொடங்கின.